எதிரி வீட்டுக் கையெழுத்து

ஹல், இங்கிலாந்து
4 நவம்பர் 2002

அன்புள்ள மிரிகா அக்காவுக்கு,

நல்ல செய்தியாக இருந்தால் ரொட்டிக்கடைக்குப் போன் போட்டு உன்னைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். இது கெட்ட செய்தி. அந்தக் கடையில் நீ போனைக் காதில் வைத்தால் ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன். கோலேயிடம் இப்போதைக்குக் காட்டாதே.

அடைக்கலம் கேட்டு நான் போட்ட வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது.

நீதிபதி என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் முறைத் தகராறில் அப்பா லெஷ் குரியின் மகன் ஃப்ரானைச் சுட்டதை நம்பினார். அப்பா சிறையில் நெஞ்சு நோயில் இறந்ததை நம்பினார். அதன் பிறகு அந்த ரத்தப்பழி பிள்ளைகளான என் மேலும் கோலே மேலும் இறங்கியதை நம்பினார். கோலே நாலு வருடமாக வீட்டை விட்டு வெளியே வராததைக்கூட நம்பினார். எல்லாவற்றையும் நம்பிவிட்டு, பதினெட்டாவது பத்தியில், இரண்டு குடும்பங்களுக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று எழுதிவிட்டார். அதற்கு என்ன சாட்சி தெரியுமா? நாம் அனுப்பிய வாக்குப் பத்திரம்.

அப்பாவை அடக்கம் செய்வதற்காக லெஷ் கொடுத்த வாக்கு. பழைய பாதிரியார் எழுதித் தந்தாரே, அதுதான். 'ஜோனின் மகன்கள் மேல் என் கை விழாது என்று வாக்குத் தருகிறேன்.' அதில் இருப்பது அவ்வளவே. முப்பது நாள் என்று எழுதவில்லை. அடக்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு முப்பது நாளுக்குத்தான் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? யார் அதைப் போய் எழுதுவார்கள்? கொல்ல நினைக்காதவனிடம் யாரும் வாக்குக் கேட்க மாட்டார்கள், அதனால் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்று நாமே பெருமையாக அனுப்பினோம். அனுப்பச் சொன்னது நீ. இல்லை, நான்தான். இப்போது எனக்கே நினைவில்லை.

இனி நேராக மேல்முறையீடு செய்ய முடியாதாம். மேல்முறையீடு செய்ய முதலில் அனுமதி கேட்க வேண்டும். லண்டனில் ஒரு நீதிபதி தாள்களை மட்டும் படித்துவிட்டு, கீழே இருந்தவர் தப்புச் செய்தாரா என்று பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். அனுமதி கிடைத்தால் மறுபடியும் விசாரணை. கிடைக்காவிட்டால் விமானம். வக்கீல் அம்மாவுக்குப் பாலின் என்று பெயர். மனுவைப் போட்டுவிட்டார். ஆனால், "வாக்கு முப்பது நாள்தான்னு நீங்க சொன்னாப் பத்தாது. குடுத்தவங்க பக்கத்துலேருந்து ஒரு தாள் வேணும்" என்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். "என்னக் கொல்லப் போறவன்கிட்டயே போயி, ஐயா, கொல்லுவேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேக்கவா?" என்றேன். மொழிபெயர்க்கிற கொசோவோக்காரனும் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை.

லெஷ் பக்கம் நீ போக வேண்டாம். பாதிரியாரைப் பார். முப்பது நாள் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்.

திங்கள்கிழமைதோறும் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற துருக்கிக்காரர் உள்ளே போனார், வெளியே வரவில்லை. அவருடைய குடை வாசலிலேயே சாய்ந்து நின்றது.

உன் தம்பி,
பாஷ்க்


பிரெகு
15 நவம்பர் 2002

பாஷ்க்,

அன்பெல்லாம் அப்புறம். கோலேயிடம் காட்டாதே என்றாய். உன் கடிதத்தைச் சோள மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது இந்த வீட்டில் ரொட்டி சுடுவது அவன்தான் என்பது மறந்துபோயிற்று. மாவு ஒட்டிய கையோடு நின்றே படித்தான். "அண்ணன் கையெழுத்து நல்லா ஆயிருச்சு" என்றான். பிறகு மாவு பிசையப் போய்விட்டான். அன்றைக்கு ரொட்டி கல் மாதிரி இருந்தது.

பாதிரியாரைப் பார் என்று சுலபமாக எழுதிவிட்டாய். பழையவர் ஈஸ்டருக்கு முன்பே இறந்துவிட்டார். புதியவர் சின்ன வயதுக்காரர், இத்தாலியில் படித்துவிட்டு வந்திருக்கிறார். "நான் பாக்காத ஒண்ணுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?" என்கிறார். ஊராட்சித் தலைவரிடம் போனேன். "பழியா? நம்ம ஊருலயா? அதெல்லாம் அந்தக் காலம்" என்றான். சொல்லிவிட்டு நம் வீட்டுப் பக்கமே வராமல் சுற்றுவழியாகப் போனான், மழையில்.

ஆக, மிச்சம் இருப்பது லெஷ் மட்டும்தான். நான் போகப் போகிறேன். பெண்ணை யாரும் தொட மாட்டார்கள், அது உனக்கும் தெரியும். ஃப்ரான் செத்த நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவை நம் ஆட்கள் யாரும் தட்டியதில்லை. என்னைச் சுட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. ஃப்ரானின் அம்மா வந்து கதவைத் திறந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் பயப்படுகிறேன்.

கோலே வேண்டாம் என்கிறான். நீயும் வேண்டாம் என்று எழுதுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் புரியவே இல்லை.

மிரிகா


ஹல்
25 நவம்பர் 2002

அக்கா,

போகாதே. அவர் துப்பாக்கி எடுக்க மாட்டார், சரி. ஆனால் கேட்டு வாங்கும் கேவலம் நம் வீட்டுக்கு வேண்டாம். அப்பா இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

மேலே எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். காலையில் எழுதினேன். மத்தியானம் தபால்காரர் வந்தார். பழுப்பு நிற உறை ஒன்று. பிரிக்க முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் மரத்துப்போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது மேல்மாடி ஈரானியனுக்கு வந்த மின்சாரக் கட்டணக் கடிதம்.

அக்கா, போ. சீக்கிரம் போ. ஜனவரி பத்தாம் தேதி வரைக்கும் தாள்களை எடுத்துக்கொள்வார்களாம். அதன் பிறகு இருப்பதை வைத்தே முடிவு. அப்பாவைப் பற்றி எழுதியதை மறந்துவிடு.

பாஷ்க்


பிரெகு
5 டிசம்பர் 2002

பாஷ்க்,

நேற்றுப் போனேன். முழுவதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

படலுக்கு வெளியே நின்று, "வீட்டுக்காரரே, விருந்தாளிக்கு இடமிருக்கா?" என்று கூவினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூவினேன். ஃப்ரானின் அம்மா தாவா வந்தாள். என்னைப் பார்த்தாள். திறப்பாள் என்றும் தோன்றவில்லை, போய்விடுவாள் என்றும் தோன்றவில்லை. உள்ளிருந்து லெஷின் குரல், "விருந்தாளின்னு சொல்லிட்டா, கெழவி. தொற" என்றது.

காப்பி கொடுத்தார்கள். எனக்கு முதலில், அவருக்கு அப்புறம்.

"குடிம்மா" என்றார். "எனக்கும் இந்த ஒரு வீட்டுலதான் ஒழுங்கா காப்பி கெடைக்குது. கீழ கடையில நாலு வருசமா முழங்காலுக்கு அடியில விட்டு நீட்டுறானுங்க. மகன் ரத்தத்த வாங்காதவனுக்கு அப்படித்தான் குடுக்கணுமாம். மீச மொளைக்காத பயலுங்க நீட்டுறானுங்க, மிரிகா. வாங்கிக் குடிச்சிட்டுத்தான் வர்றேன். என்ன பண்ணச் சொல்ற?"

ஒன்பது நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் உன் தம்பியக் கொல்லுவேன்னு எழுதிக் குடுக்கணும். அத வெச்சு அவன் பொழச்சுக்குவான்."

"ஆமாங்க பெரியவரே."

"இங்கிலீஷ்காரனுங்க ரொம்பப் படிச்சவனுங்களோ?"

"படிச்சவங்கதான்."

அவர் சிரித்தார். தாவா தட்டைக் கீழே வைக்காமல் சுவர் ஓரமாகவே நின்றாள். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன வருசம் சோளம் அறுத்த சமயம். முயலுக்குப் போயிருந்தேன். உங்க கொல்லை வால்நட் மரத்தடியில கோலே நின்னான். கண்ண மூடிட்டு வெயில் காஞ்சுட்டு இருந்தான். முப்பது அடி. என் கையில துப்பாக்கி. நான் வீட்டுக்கு வந்து இவகிட்ட, இன்னிக்கு ஒண்ணும் மாட்டலன்னு சொல்லிட்டேன். ஏன்னு நீயும் கேக்காத. நானும் இத்தன நாள் யாருக்கும் சொல்லல. எனக்குப் பின்னால ஆளு இல்ல. நான் செத்தா என்னோட இந்தப் பழியும் போயிரும். ஆனா எழுதினா அது லெஷ் குரி பேரு. எழுதிட்டுச் செய்யாம இருக்க எனக்குத் தெரியாது."

"பாஷ்க் திரும்பி வந்தா?"

"வராம இருக்கட்டும். கோலே சுவத்துக்குள்ள இருக்கான், பாக்காத மாதிரி நான் இருந்துக்கலாம். ஓடிப்போனவன் வந்து எறங்கினா ஊரே என் மூஞ்சியத்தான் பாக்கும். அன்னிக்குச் சும்மா இருக்க என்னால முடியாது."

"அப்ப பாஷ்க் பேர மட்டும் எழுதுங்க."

"ரத்தம் வீட்டு மேலம்மா. பேரு மேல இல்ல."

யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

புரிகிறதா, பாஷ்க்? தாளை வாங்கினால் நீ தப்பிக்கலாம், ஆனால் இத்தனை நாள் கோலேயைப் பார்க்காமல் விட்ட கண் இனிப் பார்க்கும். வாங்காவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்புவார்கள், நீ வந்து இறங்கினால் செத்தாய். கோலேயிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இருப்பது இரண்டு தம்பிகள். இந்த முடிவை என்னை எடுக்கச் சொல்லாதே. நீ சொல்.

மிரிகா


ஹல்
14 டிசம்பர் 2002

அக்கா,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

வாங்கு.

கோலே வீட்டுக்குள்தானே இருக்கிறான். வீட்டுக்குள் வைத்து லெஷ் எதுவும் செய்ய மாட்டார், அது வழக்கமில்லை. மரத்தடிக்குப் போகாமல் இருக்கச் சொல். ஜன்னல் ஓரத்தில் வெயில் வருமே. வெயில் மட்டும்தானே. எனக்கு இங்கே கதவே இல்லை, அக்கா. யார் வேண்டுமானாலும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம். நேற்றுப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வந்தவன் கேஸ் மீட்டர் பார்க்கிறவன். அவன் போன பிறகும் என்னால் தாழைத் திறக்க முடியவில்லை.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைக்கிறேன். மூத்தவன் நான். நான் சொல்ல வேண்டியது வேறு. அதைத்தான் முதல் நாலு தாளிலும் எழுதினேன். தபாலில் போடக் கை வரவில்லை.

பாஷ்க்


பிரெகு
27 டிசம்பர் 2002

பாஷ்க்,

உன் கடிதத்தை இந்தத் தடவை அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் என் முகத்தை எங்கே ஒளிப்பேன்? கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது கோலே கேட்டுவிட்டான். சொல்லிவிட்டேன். உன் வார்த்தைகளை அப்படியே சொல்லவில்லை. அண்ணன் முடிவு பண்ண முடியாமல் தவிக்கிறான் என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய், வைத்துக்கொள்.

மறுநாள் சவரம் செய்துகொண்டான். அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தான்.

"எங்கடா?"

"லெஷ் வீட்டுக்கு. விருந்தாளியா."

அந்த வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவனைக் காப்பாற்றுவது லெஷின் பொறுப்பு, எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே அறுநூறு அடி பாதை இருக்கிறதே. நான் முன்னால் நடந்தேன். பெண் முன்னால் போனால் சுட மாட்டார்கள். பின்னால் அவன் தடுக்கித் தடுக்கி வந்தான். நாலு வருடமாக வீட்டுத் தரையில் மட்டும் நடந்தவனுக்கு மலைச்சரிவு மறந்துபோயிருக்கிறது. ஊரில் ஒரு குரல் இல்லை, ஜன்னலுக்கு ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. ஒரு கிளை முறிந்தாலும் செத்துவிடுவேன் போல இருந்தது எனக்கு.

படலில் நின்று அவனே கூவினான். லெஷ் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "வா" என்றார்.

பன்றி இறைச்சியும் ரொட்டியும் வைத்தார்கள். கோலே ரொட்டியைப் பிட்டுப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் கம்மி" என்றான். தாவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு அவன் தாளைக் கேட்டான்.

"யோசிச்சியா?" என்றார் லெஷ்.

"நாலு வருசமா வேற வேலையே இல்லீங்களே."

லெஷ் மெதுவாக எழுதினார். அடக்கத்துக்குத் தந்த வாக்கு முப்பது நாளோடு தீர்ந்தது. ஜோனின் மகன்கள் பாஷ்க், கோலே இருவரில் யார் என் கண்ணில் பட்டாலும் என் மகனுக்காக அவனைக் கொல்வேன். கீழே பெயர், கையெழுத்து, தேதி. பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து, எங்களை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். விருந்தாளியை அப்படித்தான் அனுப்ப வேண்டும். நம் வாசலில் நின்று, "உள்ள போ, கோலே. நாளைக் காலையிலேருந்து நான் வேற ஆளு" என்றார்.

தாள் இத்துடன் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்.

மிரிகா


ஹல்
5 பிப்ரவரி 2003

அக்கா,

அனுமதி கிடைத்துவிட்டது.

நேற்றுத்தான் வந்தது. மே ஆறாம் தேதி புதிய விசாரணை. லெஷின் தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது பாலின் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். "இந்த மாதிரி ஒரு சாட்சிய நான் பாத்ததே இல்ல" என்றார். மே மாதம் கட்டாயம் ஜெயிப்போம் என்கிறார். இவ்வளவு உறுதியாக அவர் ஒருநாளும் பேசியதில்லை.

சந்தோஷம் என்று எழுத வரவில்லை. தாளை அவர் கையில் கொடுக்கும்போது கோலே பெயர் இருந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மறைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

ஜெயித்ததும் வேலைக்குப் போவேன். கோலேயையும் எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிடுவேன். மே வரைக்கும் ஜன்னல் பக்கம்கூட அவனை விடாதே. மே ஆறு வரைக்கும்தான்.

பாஷ்க்


பிரெகு
16 பிப்ரவரி 2003

பாஷ்க்,

உன் கடிதத்தைக் கோலேவுக்கு நானே படித்துக் காட்டினேன். குதித்தான். என்னைத் தூக்கிச் சுற்றினான், இந்த வயதில். பிறகு கேட்டான்.

"மே மாசம் கட்டாயம் ஜெயிச்சுருவான்ல?"

"அந்த அம்மா அப்படித்தான் சொல்றாங்களாம்."

"சரி. ஜெயிச்ச சேதி வந்ததும் கதவத் தொறந்துருவேன்."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தேன்.

"லெஷ்கிட்ட அன்னிக்கே கேட்டுட்டேன்க்கா. பாக்கி ஒரு ரத்தம்தான், ரெண்டு இல்ல. ஒருத்தன் போனா ரெண்டு வீட்டுக்கும் முடிஞ்சுது. இப்பவே போயிட்டா பழி தீந்துரும், அண்ணனுக்குக் கேஸே இல்லாமப் போயிரும். அவன் ஜெயிக்கிற வரைக்கும் நான் இருக்கணும். அப்புறம் எதுக்கு? நீ நிம்மதியா சந்தைக்குப் போலாம். அவனும் எப்பயாவது ஊருக்கு வந்து எங்க ரெண்டு பேரோட கல்லறையையும் பாத்துட்டுப் போலாம், அப்பாவோடதும் என்னோடதும்."

இதை ஏதோ மழை வருமா வராதா என்பது போலச் சொன்னான். அவனை அடித்தேன். அவன் ஏழு வயதுப் பையனாக இருந்ததற்குப் பிறகு இப்போதுதான். வாங்கிக்கொண்டு நின்றான். முன்கதவுச் சாவி இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. ஆனால் வெளியே போக அவனுக்குச் சாவி எதற்கு, ஜன்னல் இருக்கிறதே.

லெஷ் தினமும் காலையில் வந்து எதிர்ப் பாறையில் உட்கார்கிறார். துப்பாக்கி மடியில். மத்தியானம் எழுந்து போகிறார். சொன்னதைச் செய்கிறவர். அவருக்கு எழுபத்திரண்டு ஆகிறது. இந்தக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இருமினால் நம் அடுப்பங்கரை வரை கேட்கிறது. எனக்குக் காப்பி கொடுத்த மனிதர், பாஷ்க். அவர் இருமும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. இருமாத காலையில் பயமாக இருக்கிறது. அவருக்குப் பின்னால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அவரே சொன்னாரே.

அதனால் கேள். அந்த வக்கீல் அம்மாவிடம் போ. மே மாதம் வேண்டாம் என்று சொல். உடம்பு சரியில்லை என்று சொல், கொசோவோக்காரன் வரவில்லை என்று சொல், தாள் தொலைந்தது என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். ஒரு வருடம் தள்ளட்டும், இரண்டு வருடம் தள்ளட்டும். உனக்குப் பூட்ஸ் சத்தம் கேட்கும், தெரியும். குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொள், ஆனால் தள்ளிப்போடு.

தோற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. மெதுவாக ஜெயி.

மிரிகா